ஏவுதல் வந்தால் என்ன செய்வது?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு சனிக்கிழமை மாலை வாரச் சம்பளக் கவர்களையெல்லாம் கொடுத்து முடித்துப் பேரேட்டை மூடும் நேரத்தில், செக்கிங் பிரிவில் வேலை செய்த ஒடிசா இளைஞர் ஒருவருக்கு 340 ரூபாய் குறைத்துக் கொடுத்துவிட்டேன் என்பது தெரிந்தது. அவர் கவரை எண்ணிப் பார்க்கவில்லை, முதலாளிக்கும் தெரியாது. ‘இப்போதே போய்க் கொடுத்துவிடு’ என்று உள்ளத்தில் எழுந்தது. அவர் தங்கியிருந்த லைன் வீடு பத்து நிமிட நடைதான். திங்கட்கிழமை கொடுத்தால் போயிற்று என்று நான் வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் ஆராதனையில் முன்வரிசையில் நின்று பாடவும் செய்தேன். திங்கட்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. ஊரிலிருந்து ஏதோ செய்தி வந்து ஞாயிறு இரவே ரயிலேறிவிட்டதாக உடன் தங்கியிருந்தவர்கள் சொன்னார்கள். அதன்பின் அவர் திரும்பவேயில்லை.

இப்படிக் கர்த்தர் உள்ளத்தில் எழுப்பும் தூண்டுதலான ஏவுதலைப் பற்றி நம் சபைக் கூட்டங்களில் பேசும்போது, ஊழிய அழைப்பையோ, கைநிறையச் சம்பளம் வாங்கிய வேலையை விட்டுப் புறப்பட்டவர்களின் சாட்சியையோதான் பெரும்பாலும் எடுத்துச் சொல்கிறோம். அவற்றில் எனக்கு மறுப்பு ஒன்றுமில்லை. ஆயினும் வாழ்நாளில் ஓரிரு முறை வரக்கூடிய அத்தகைய அழைப்பைக் காட்டிலும், வாரத்துக்கு நாலைந்து முறை வந்து, வந்த சுவடு தெரியாமல் கரைந்துபோகும் இந்த 340 ரூபாய் அளவிலான ஏவுதல்களுக்குப் பதில் கொடுக்கக் கற்றுக்கொள்வதே முதற்பாடம் என்று நினைப்பதால், அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

ஏவுதல் எப்படி இருக்கும்

திடீரென ஒருவருடைய முகம் நினைவுக்கு வந்து அவருக்காக ஜெபிக்கத் தோன்றுவது, காலையில் வாசித்த வசனம் செய்யாமல் விட்ட ஒரு காரியத்தைச் சுட்டி நாள் முழுவதும் உறுத்திக்கொண்டே இருப்பது, கோபத்தில் சொல்ல வாயெடுத்த சொல்லை உள்ளே ஏதோ ஒன்று தடுப்பது ஆகியவற்றைத்தான் ‘கர்த்தர் உணர்த்தினார்’, ‘பாரம் தந்தார்’, ‘சமாதானம் இல்லை’ என்று நம் சபைகளில் சொல்கிறோம். காதில் விழும் சத்தம் மிக அபூர்வம். ஓரேப் மலையில் எலியாவுக்கு முன்பாகப் பெருங்காற்றும் பூமியதிர்ச்சியும் அக்கினியும் கடந்துபோயின. அவை ஒன்றிலும் கர்த்தர் இருக்கவில்லை, அவற்றுக்குப் பின்பு அமர்ந்த மெல்லிய சத்தம் உண்டாயிற்று என்று 1 இராஜாக்கள் 19 சொல்கிறது.

மெல்லிய சத்தம் என்றாலே அதைத் தவறாகக் கேட்கவும் இடமுண்டு. சாமுவேல் கர்த்தருடைய ஆலயத்திலேயே படுத்திருந்த பிள்ளை. அவனே மூன்று முறை கர்த்தர் கூப்பிட்ட சத்தத்தை ஆசாரியனான ஏலியின் குரல் என்று எண்ணி எழுந்து ஓடினான். மூன்றாம் முறைதான் ஏலிக்குப் புரிந்தது. நான்காம் முறைக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று அவரே சொல்லிக்கொடுத்தார். ஏலியின் பிள்ளைகள் கெட்டுப்போயிருந்தார்கள், அவருடைய கண்களும் மங்கியிருந்தன, அவர் வீட்டின்மேல் வரப்போகும் தண்டனையே அன்றிரவு சொல்லப்பட இருந்த செய்தி. அப்படியிருந்தும் அந்தச் சத்தம் யாருடையது என்று அடையாளம் காட்ட அவரால் முடிந்தது. உங்கள் சபையின் மூப்பர் குறைகள் உள்ளவர் என்பதற்காக அவரிடம் கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

முதலில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

சிறிய ஏவுதலை ஆராய்ந்து ஆராய்ந்து தள்ளிப்போடுகிறோம். பெரிய ஏவுதலை ஆராயாமல் அவசரமாகப் பிடித்துக்கொள்கிறோம். நான் பார்த்த அளவில் பெரும்பாலான தவறுகள் இப்படித் தலைகீழாகச் செய்வதால் வருகின்றன. முப்பது ஆண்டுகள் கணக்கெழுதியவன் என்பதால், இதற்கு ஒரு கணக்கர் கேள்வியைத்தான் நான் பயன்படுத்துகிறேன்: இது கர்த்தரிடமிருந்து வந்ததல்ல, என் சொந்த எண்ணம்தான் என்று நாளைக்குத் தெரியவந்தால், அந்த நஷ்டம் யார் கணக்கில் ஏறும்?

என் கணக்கில் மட்டும் ஏறும் என்றால், அதாவது என் நேரம், என் பணத்தில் கொஞ்சம், என் கௌரவம் ஆகியவைதான் போகும் என்றால், அதை அன்றைக்கே செய்துவிடலாம். என் மனைவியின் நகையிலோ, பிள்ளைகளின் படிப்பிலோ, ஜாமீன் கையெழுத்துப் போட்ட அண்ணன் தம்பிகளின் தலையிலோ அந்த நஷ்டம் விழும் என்றால், நிதானமாகச் சோதிக்க வேண்டும். அவர்களைக் கேட்காமல் அடியெடுத்து வைக்கவே கூடாது. ‘எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்’ என்று தெசலோனிக்கேயருக்கு எழுதிய பவுல், அதற்கு இரண்டு வசனங்கள் முன்பாக ‘ஆவியை அவித்துப்போடாதிருங்கள்’ என்றும் எழுதியிருக்கிறார். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிட நமக்கு அனுமதியில்லை.

சிறியதை அன்றைக்கே செய்யும் முறை

கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு முறைத் தண்ணீர் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. கொப்பு வாய்க்காலில் நம் வயலுக்குரிய முறை இரவு இரண்டு மணிக்கு வந்தால், இரண்டு மணிக்கு மண்வெட்டியும் டார்ச்சுமாக வரப்பில் நின்று மடையைத் திருப்ப வேண்டும். விடிந்த பின் போனால் தண்ணீர் அடுத்தவர் வயலில் பாய்ந்துகொண்டிருக்கும். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. சிறிய ஏவுதலும் இதுபோலத்தான் நேரத்தோடு வருகிறது. ஆகவே அது வந்தவுடன் அதை ஒரே ஒரு செயலாகச் சுருக்கிக்கொள்ளுங்கள். ‘பெரியம்மாவிடம் இன்னும் அன்பாக இருக்க வேண்டும்’ என்பது நல்ல எண்ணந்தான், ஆனால் அதை எந்த நாளிலும் செய்து முடிக்க முடியாது. ‘இன்று மாலை ஆறு மணிக்குள் பெரியம்மாவுக்கு ஒரு போன் செய்ய வேண்டும்’ என்றால் செய்துவிடலாம். உடனே செய்ய இயலாத சூழ்நிலை என்றால் நாளையும் மணியையும் அப்போதே குறித்துவிடுங்கள். ‘பிறகு’ என்று குறிக்காதீர்கள். ‘நீ போய்த் திரும்பவா, நாளைக்குத் தருவேன்’ என்று அயலானிடம் சொல்லாதே என்கிற நீதிமொழிகள் 3ஆம் அதிகாரத்து வசனத்தை நான் அந்தத் திங்கட்கிழமைதான் முதன்முறையாக என்னைப் பற்றியதாக வாசித்தேன்.

இரண்டாவது, போகிற இடத்தில் விளம்பரம் செய்யாதீர்கள். நோயுற்ற ஒருவரையோ, நெடுநாளாகப் பேசாமல் இருக்கும் உறவினரையோ பார்க்கப் போகத் தோன்றினால், ‘கர்த்தர் என்னை அனுப்பினார்’ என்று வாசலிலேயே ஆரம்பித்தால், அந்த வீட்டார் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் சங்கடப்படுவார்கள். அவர்களுக்கு ஒரு தேவையும் இல்லாதிருந்தாலும் உங்களுக்காக ஒரு தேவையை உண்டாக்கிக்கொள்ளவும் கூடும். ‘பார்த்து ரொம்ப நாளாச்சுங்க, அதான் ஒரு எட்டு வந்துட்டுப் போலாமுன்னு’ என்று சொல்லி உட்காருங்கள். பேச்சை அவர்கள் தொடங்கட்டும். அங்கே எல்லாரும் சுகமாக இருந்தால், ஒரு காப்பி குடித்துவிட்டு வந்ததாக இருந்துவிட்டுப் போகட்டும். என் ஏவுதல்களில் பாதிக்கு மேல் இப்படிக் காப்பியோடு முடிந்தவைதான், அவற்றால் யாருக்கும் ஒரு கெடுதலும் நேர்ந்ததில்லை.

மன்னிப்புக் கேட்கும்படி வரும் ஏவுதலைப் பொறுத்தவரை சோதித்துப் பார்க்க ஒன்றுமேயில்லை. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடே ஒப்புரவாகு என்று ஆண்டவர் ஏற்கெனவே சொல்லிவிட்ட பிறகு, ‘இது தேவசித்தந்தானா’ என்று உபவாசமிருந்து கேட்பது, காலத்தைக் கடத்துவதற்கு நாம் கண்டுபிடித்த பக்தியான வழி. ‘இன்றைக்கு என் திராட்சத்தோட்டத்தில் வேலைசெய்’ என்ற தகப்பனிடம் முதலில் மாட்டேன் என்று சொல்லிவிட்டு, பிறகு மனஸ்தாபப்பட்டுப் போன மகனைத்தான் இயேசு மெச்சினார். போகிறேன் ஐயா என்று மரியாதையாகச் சொன்னவன் தோட்டத்துக்குப் போகவேயில்லை.

நம் ஊரில் அதிகம் தட்டிக்கழிக்கப்படுவது

யோப்பா பட்டணத்து வீட்டின் மேல்மாடியில் பேதுரு ஜெபம்பண்ணப் போன வேளையில், தீட்டு என்று தான் தள்ளிவைத்திருந்த மிருகங்கள் நிறைந்த விரிப்பு மூன்று முறை இறங்கியது. அதன் பொருள் என்ன என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கையிலேயே யூதரல்லாத ரோம நூற்றுக்கு அதிபதியான கொர்நேலியுவின் ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள்; ஒன்றுக்கும் சந்தேகப்படாமல் அவர்களோடு போ என்று ஆவியானவர் சொன்னார். அதுவரை யூதர் நுழையாத வீட்டுக்குள் பேதுரு நுழைந்தார். பின்னர் எருசலேமில் சொந்த ஜனங்களே அதைக் குறித்து அவரோடு வாக்குவாதம்பண்ணினார்கள்.

கொங்கு நாட்டில் அப்போஸ்தலர் நடபடிகளின் இந்த 10ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிக்காத சபை இருக்காது. ஆனால் ஒரே ஆலயத்தில் ஒரே அப்பத்திலும் பாத்திரத்திலும் பங்குபெற்றுவிட்டு, காலனியில் இருக்கும் விசுவாசி வீட்டுத் திருமணத்துக்குப் போனால் ‘வேலை இருக்குதுங்க’ என்று மொய் மட்டும் கொடுத்துவிட்டுச் சாப்பிடாமல் திரும்புகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். பந்தியில் உட்கார் என்று அந்த நேரத்தில் உள்ளத்தில் ஒன்று சொல்லியிருக்கும். சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்ற மற்றொன்று அதை அமுக்கியிருக்கும். மேற்சொன்ன கணக்கர் கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள். உட்கார்ந்து சாப்பிட்டால் போவது உங்கள் கௌரவம் மட்டுமே. உட்காராமல் வந்தால் அந்த வீட்டாருக்கு உண்டாகும் காயம் அவர்கள் கணக்கில் ஏறுகிறது. இதில் யாரிடமும் ஆலோசனை கேட்கத் தேவையில்லை; இலை போடும் இடத்துக்குப் போய் உட்கார வேண்டியதுதான்.

ஏவுதல் போலத் தோன்றும் வேறு சில

நம் சொந்த ஆசைக்கு ஒரு குணம் உண்டு: தடை வந்தால் அது கொதிக்கும், யாராவது கேள்வி கேட்டால் கோபப்படும், நாளைக்குள் முடித்துவிட வேண்டும் என்று விரட்டும். கர்த்தருடைய ஏவுதலோ கேள்விக்கு அஞ்சுவதில்லை. ஒரு வாரம் பொறுத்திருந்தாலும் அதே இடத்தில் அதே அமைதியோடு இருக்கும். சிறிய காரியங்களை உடனே செய்யச் சொன்னேனே, இது முரணல்லவா என்று தோன்றலாம். அங்கே நேரம் கடந்தால் செயலுக்குரிய வாய்ப்பு போய்விடும் என்பதால்தான் அவசரம். ஏவுதலே நம்மை மிரட்டுவதால் அல்ல.

குற்றவுணர்வைப் பிரித்தறிவது இதைவிடக் கடினம். ஆவியானவர் கண்டித்து உணர்த்தும்போது ஒரு பெயரையும் ஒரு செயலையும் காட்டுவார். ‘அந்த 340 ரூபாயைக் கொடு’ என்பதுபோல் அதற்குப் பதிலாகச் செய்யக்கூடியது ஒன்று இருக்கும். ‘நீ உருப்படவே மாட்டாய், உன் ஜெபம் எங்கே கேட்கப்படப் போகிறது’ என்று, பெயரும் செயலும் இல்லாமல் மொத்தமாக நம்மை மூழ்கடிக்கும் குரலில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. அதற்குக் கீழ்ப்படிய முயன்று உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இங்கே ஒன்றைத் தயக்கமில்லாமல் சொல்லிவிட வேண்டும். உண்மையாகவே காதில் குரல்கள் கேட்டு, அவை தன்னையோ பிறரையோ துன்புறுத்தச் சொன்னால், அல்லது நாட்கணக்கில் தூக்கமில்லாமல் ‘கர்த்தர் பேசிக்கொண்டே இருக்கிறார்’ என்று ஒருவர் சொன்னால், அவரை உபவாசக் கூட்டத்தில் உட்கார வைக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கோயம்புத்தூர், சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அதற்கான பிரிவு உண்டு. உடன் போய் வரிசையில் நிற்பது சபையின் வேலை.

பெரியதைச் சோதிக்கும் முறை

என் சித்தி மகன் சோமனூர்ப் பக்கம் எட்டு விசைத்தறி விலைக்கு வந்தபோது, வாங்கலாமா என்று என்னிடம் கேட்டான். அன்று காலை நான் எடுத்த, வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையில் ‘உங்கள் காலடி மிதிக்கும் எவ்விடத்தையும்’ கொடுத்தேன் என்ற யோசுவாவின் வசனம் இருந்தது. ‘கர்த்தர் வழி திறக்கிறார், தைரியமாக வாங்கு’ என்று சொல்லிவிட்டேன். தம்பி மனைவியின் நகை அடகுக்குப் போயிற்று. ஒன்றரை வருடத்தில் கூலி உயர்வுக்காகத் தறிகள் வாரக்கணக்கில் நின்றன, வட்டி நிற்கவில்லை, கடைசியில் தறிகள் பழைய இரும்பு விலைக்குப் போயின. அவன் இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கடிந்து கேட்டதில்லை. நானே பேச்சை எடுத்தாலும் ‘விடுங்கண்ணா’ என்பான். கணக்கைப் பார்த்தால், ஏவுதல் என்று சொன்னவன் நான். நகை போனது ஒருபோதும் என்னிடம் ஆலோசனை கேட்காத அந்தப் பெண்ணுக்கு.

வாக்குத்தத்த அட்டையின்மேல் குற்றமில்லை. புத்தாண்டு ஆராதனையில் வரிசையில் நின்று எடுக்கும் அட்டையை நானும் வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன். ஆறுதலுக்காகக் கொடுக்கப்படும் வசனத்தை வியாபார முடிவுக்கு விடையாகப் பிடித்துக்கொள்வதுதான் பிழை. யோசுவாவுக்குச் சொல்லப்பட்டது கானான் தேசத்தைக் குறித்து, சோமனூரைக் குறித்தல்ல. காங்கேயத்துக்குப் பக்கத்தில் சிவன்மலையில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருப்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். பக்தர் ஒருவர் தம் கனவில் வந்த பொருளைச் சொன்னாலும், அங்கே சந்நிதியில் பூக்கேட்டு உறுதியான பிறகுதான் அது பெட்டிக்குள் வைக்கப்படுகிறது. நம் விசுவாசமும் முறையும் வேறு. ஆனால் கனவு கண்டவரின் சொல்லை மட்டும் நம்பி எதையும் செய்துவிடுவதில்லை என்ற நிதானம் அண்டை வீட்டாரிடம் இருக்கையில், ‘எல்லா ஆவிகளையும் நம்பாமல் சோதித்தறியுங்கள்’ என்ற கட்டளையைக் கையில் வைத்திருக்கும் நாம் அதற்கும் குறைவாகச் சோதிப்பது வெட்கம்.

பெர்சிய ராஜாவுக்குப் பானபாத்திரக்காரராக இருந்த நெகேமியா இதில் நல்ல ஆசான். எருசலேமின் அலங்கம், அதாவது மதில், இடிந்து கிடக்கிறது என்ற செய்தி அவருக்குக் கிஸ்லே மாதத்தில் வந்தது. ராஜாவிடம் வாய் திறந்ததோ நிசான் மாதத்தில். இடையில் ஏறக்குறைய நான்கு மாதம் ஜெபமும் திட்டமுந்தான். ராஜா கேட்டபோது எத்தனை நாள், எந்தெந்த அதிபதிக்குக் கடிதம், எவ்வளவு மரம் என்றெல்லாம் அவரிடம் பதில் தயாராக இருந்தது. எருசலேமுக்கு வந்த பிறகும் மூன்று நாள் பொறுத்து, சில ஆட்களோடு இரவில் எழுந்து அலங்கத்தைச் சுற்றிப் பார்த்தார். தேவன் தம் மனதில் வைத்ததை அதுவரை ஒருவருக்கும் அறிவிக்கவில்லை. நான் தம்பிக்கு ஆலோசனை சொன்னதற்கு நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஆகவே பெரிய ஏவுதல் வந்தால், அதை ஒரு தாளில் ஒரே வாக்கியமாக எழுதித் தேதி போடுங்கள். வேதத்தின் தெளிவான கட்டளை எதையாவது அது மீறுமானால் அங்கேயே அதை விட்டுவிடலாம். பொய்க் கணக்கு எழுதியோ, பெற்றோரைக் கைவிட்டோ செய்யும் ஊழியத்துக்குக் கர்த்தர் யாரையும் ஏவுவதில்லை. அடுத்து, நஷ்டம் யார் கணக்கில் ஏறுமோ அவர்களிடம் முதலில் பேசுங்கள். மனைவிக்குச் சமாதானம் இல்லையென்றால் அதை விசுவாசக் குறைவு என்று தள்ளாதீர்கள். வீட்டுச் செலவின் உண்மையான அளவு அவருக்குத்தான் தெரியும். பிறகு இரண்டு பேரிடம் கேளுங்கள்: ஒருவர் ஜெபிக்கிறவராகவும், மற்றவர் அந்தத் தொழிலையோ துறையையோ அறிந்தவராகவும் இருக்கட்டும். இரண்டாமவர் கிறிஸ்தவராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தறி விஷயத்தில் நான் ஒரு மூத்த தறிக்காரரிடம் கேட்டிருந்தால், ‘இப்ப வேண்டாமுங்க’ என்று அவர் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பார்.

காத்திருக்கும் காலத்தில் மனம் ஒரே நிலையில் இருக்காது. இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டில் வகுத்த விதிகளில் ஒன்று இங்கே கைகொடுக்கும்: உள்ளம் வறண்டு, ஜெபம் கசந்து, எல்லாம் இருளாகத் தோன்றும் வேளையில், முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பது அது. நான் தென்னிந்தியத் திருச்சபையில் பிறந்து வளர்ந்தவன். இருந்தாலும் நல்ல விதி எந்தச் சபையிலிருந்து வந்தாலும் எடுத்துக்கொள்வேன். 1623இல் மதுரையிலிருந்து புறப்பட்டுச் சேந்தமங்கலம், சேலம் என்று இந்தக் கொங்கு நாட்டுக்கு வந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நோபிலி இஞ்ஞாசியாரின் இயேசு சபைத் துறவிதான். அந்த விதி நமக்கு அந்நியமானதல்ல.

சோதித்துப் பார்த்தும் நிச்சயம் வராமல் போகலாம். எரேமியா 32ஆம் அதிகாரத்தை அப்போது வாசியுங்கள். பாபிலோனின் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது, தீர்க்கதரிசி காவலில் இருக்கிறார். தகப்பனுடைய சகோதரனின் மகன் வந்து ஆனதோத்தூர் நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்வான் என்று அவருக்குச் சொல்லப்படுகிறது. அவன் உண்மையிலேயே வந்து நின்ற பிறகுதான், அது கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்துகொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். பின்பு 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்து, பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தவும் செய்கிறார். கிரயப் பத்திரத்தில் இவ்வளவு கவனம் காட்டிய தீர்க்கதரிசியை வைத்துக்கொண்டு, ‘விசுவாசத்தில் செய்கிறேன், எழுத்தெல்லாம் எதற்கு’ என்று சொல்ல நமக்கு நியாயமில்லை.

சில ஏவுதல்கள் நிறைவேற வருடங்கள் ஆகும். நம் பக்கத்திலிருந்தும் ரயிலேறிப் பலர் வைத்தியத்துக்குப் போகும் வேலூர் மருத்துவமனை ஐடா ஸ்கடரால் உண்டானது. அவருக்கு இந்தியாவில் மிஷனெரியாக இருக்க விருப்பமே இருந்ததில்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள், பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவியருக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்று ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். ஆண் மருத்துவரான அவர் தந்தையை அழைத்துப்போக அவர்கள் சம்மதிக்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடாவின் காதில் எந்தச் சத்தமும் விழவில்லை, மூன்று மரணச் செய்திகள்தான் விழுந்தன. அவர் மறுநாளே மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடவும் இல்லை. அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1899இல் பட்டம் பெற்று, 1900இல் திரும்பி வந்தார். படிப்புக்குச் செலவான அத்தனை வருடங்களும் கீழ்ப்படிதலில் சேர்ந்தவைதான்.

பிறருக்காக வரும் ஏவுதல்

‘உனக்குக் கர்த்தர் இதைச் சொல்லச் சொன்னார்’ என்று தொடங்கும் பேச்சை, என் தறி அனுபவத்துக்குப் பின் நான் முற்றிலும் விட்டுவிட்டேன். வரன் பார்க்கும் வீடுகளில் இது அதிகம்: ‘இந்தப் பெண்தான் உனக்கு என்று தரிசனத்தில் கண்டேன்’ என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டால், பையனும் பெண்ணும் மறுத்துப் பேச வழியில்லாமல் போகிறது. தாவீது ஆலயம் கட்ட விரும்பியபோது, உம் இருதயத்தில் உள்ளதையெல்லாம் செய்யும் என்று நாத்தான் சொல்லிவிட்டார். அன்று இராத்திரியே கர்த்தர் அவரைத் திருத்தினார், மறுபடி போய் மாற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று. தீர்க்கதரிசிக்கே நல்ல யோசனைக்கும் கர்த்தருடைய வார்த்தைக்கும் வித்தியாசம் உடனே தெரியவில்லை. ஆகவே, ‘எனக்கு இப்படித் தோன்றுகிறது, தவறாகவும் இருக்கலாம், நீங்களே ஜெபித்துப் பாருங்கள்’ என்ற அளவோடு நிறுத்துங்கள். அப்படிச் சொல்லப்பட்டவராக நீங்கள் இருந்தால், சொன்னவர் எவ்வளவு பெரிய ஊழியராக இருந்தாலும், நிதானித்து அறியும் உரிமை உங்களுடையது. பவுல் எருசலேமுக்குப் போகவேண்டாம் என்று தீருவிலும் செசரியாவிலும் அன்புள்ளவர்கள் அழுது தடுத்தார்கள்; அவர்கள் சொன்னதை அவர் செவிகொடுத்துக் கேட்டார், ஆனாலும் போனார்.

தடையும் ஒரு பதில்தான் என்பதை மட்டும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன். ஆசியா என்ற ரோம மாகாணத்தில் வசனம் சொல்லாதபடி ஆவியானவர் பவுலைத் தடுத்தார், பித்தினியாவுக்கும் போகவிடவில்லை. துரோவாவில் காத்திருந்த இரவில்தான் மக்கெதோனியாவுக்குப் போக வேண்டும் என்பது தரிசனத்தில் தெரிந்தது. தடுக்கப்பட்ட அதே ஆசியாவின் எபேசுவில் பின்னாளில் பவுல் இரண்டு வருடம் போதித்தார்.

தவறவிட்டதை என்ன செய்வது

கணக்கர்கள் அன்றன்றைய வரவு செலவை நாள்வழியில் எழுதி, பிறகு பேரேட்டுக்கு ஏற்றுவார்கள். நானும் ஒரு நாற்பது பக்க நோட்டில் நான்கு பத்தி கோடு போட்டு வைத்திருக்கிறேன்: தேதி, உள்ளத்தில் எழுந்தது, நான் செய்தது, பிறகு நடந்தது. நீளமாக எழுதத் தேவையில்லை, ஒரு வரி போதும். மாதத்தின் கடைசி ஞாயிறன்று அதைப் புரட்டிப் பார்த்தால், எந்த மாதிரியான ஏவுதலை நீங்கள் வழக்கமாகத் தட்டிக்கழிக்கிறீர்கள் என்பதும், எது உங்கள் சொந்த ஆசையின் குரல் என்பதும் ஆறேழு மாதத்தில் தெரியவரும். எனக்குப் பணம் சம்பந்தப்பட்டவை எல்லாம் தாமதமாகியிருந்தன.

தவறவிட்டதற்காக வருந்துவதோடு நிற்காமல், ஈடுசெய்ய வழியிருந்தால் செய்துவிடுங்கள். ஒருவனுக்குச் செய்த நஷ்டத்தை முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் திருப்ப வேண்டும், வாங்கிக்கொள்ள உறவினன்கூட இல்லாவிட்டால் அது கர்த்தருக்குச் சேரட்டும் என்று எண்ணாகமம் 5 விதிக்கிறது. அந்த இளைஞரின் ஊரை விசாரித்தேன்; கம்பெனிப் பதிவேட்டில் மாவட்டத்தின் பெயர் மட்டும் இருந்தது. 340க்கு ஐந்தில் ஒன்று 68. மொத்தம் 408 ரூபாயை ஒரு கவரில் போட்டு, ஒரு சனிக்கிழமை மாலை அதே லைன் வீட்டுக்கு நடந்துபோய், காய்ச்சலில் ஒரு வாரச் சம்பளத்தை இழந்திருந்த வேறொரு ஒடிசாக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். நோட்டின் முதல் வரி அதுதான். நான்காம் பத்தியில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.